திருப்பி வைத்த அட்டை

அம்மாவை அடக்கம்பண்ணி இரண்டு வாரம் கழித்துத்தான் அவளுடைய வேதாகமத்தைத் திறக்க எனக்குத் தைரியம் வந்தது. கறுப்பு அட்டை தேய்ந்து, முதுகில் துணி ஒட்டி, பக்கங்களின் ஓரத்துச் சிவப்பெல்லாம் வெளுத்துப்போன பழைய பைபிள். உள்ளே முழுக்க வாக்குத்தத்த அட்டைகள். எங்கள் ஊர் ஆலயத்தில் ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் பன்னிரண்டு மணி அடித்து, எல்லோரும் ஜெபித்து முடித்த பிறகு, அந்த அட்டைகளைத் தட்டில் குவித்துக் கொண்டுவருவார்கள். பூவோ அருவியோ பனி மூடிய மலையோ அச்சிட்ட சின்ன அட்டை. படத்துக்குக் கீழே ஒரு வசனம். பார்த்துப் பொறுக்கக் கூடாது, கைக்கு வந்ததை எடுக்க வேண்டும். பிறக்கிற வருஷத்துக்குக் கடவுள் நமக்கென்று தருகிற வார்த்தை அது என்று நம்பிக்கை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அட்டையின் பின்பக்கம் பென்சிலால் வருஷத்தை எழுதுவாள். பிறகு அந்த வசனம் வருகிற பக்கத்தைத் தேடி அங்கேயே செருகிவைப்பாள். சங்கீதங்களுக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எரேமியாவில் மூன்று. பிலிப்பியரில் இரண்டு.

ஒன்று மட்டும் இடம் மாறி இருந்தது. ஏசாயா 43ஆம் அதிகாரத்து 19ஆம் வசனம் அச்சிட்ட அட்டை, எஸ்றாவின் மூன்றாம் அதிகாரத்தில் கிடந்தது. பின்னால் 2005 என்றும், அதற்குக் கீழே 'திருப்பி வைத்தது' என்றும் அம்மாவின் கையெழுத்து.

அந்த அட்டையின் கதை எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. அதற்கு ஐந்தாம் நாள் இரவு வருஷப் பிறப்பு ஆராதனை. எங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி, குதிரைமொழித் தேரிப் பக்கம் இருக்கிறது. தண்ணீர் இங்கே வரவில்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து கன்னியாகுமரிக் கடலோரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்த ஓர் அக்கா தாய்வீட்டுக்கு வந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எதை இழந்தார் என்பதை எழுத மாட்டேன், அது அவருடையது. அன்றிரவு அவர் ஆலயத்துக்கு எழுந்து வந்ததே பெரிது. பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில், அம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். பொங்கலுக்கு வந்தபோது அம்மா சொன்னாள்.

"அவ எடுத்தா. வாசிச்சா. ஒரு வார்த்தையும் பேசல. அப்படியே தட்டுல திருப்பி வச்சிட்டா. வேற ஒண்ணும் எடுக்கல."

"நீங்க என்னம்மா செஞ்சீங்க?"

"அதையே எடுத்துக்கிட்டேன். வேற யாரு கைக்கும் போவ வேண்டாம்னு தோணிச்சு."

அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்து அந்த அட்டை என் கையில் இருந்தது. நீல ஏரி, அதன் மேல் ஒரு சூரியோதயம்.

இந்த வசனத்தைக் கேட்டிராத தமிழ்க் கிறிஸ்தவர் அரிது. முந்தினவற்றை மனதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறது 18ஆம் வசனம். அடுத்ததில் கடவுள், தாம் புதிதாக ஒன்றைச் செய்வதாக அறிவிக்கிறார். அது இப்போதே தலைகாட்டுகிறது, உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்கிறார். வனாந்தரத்தில் வழி உண்டாகும், வறண்ட வெளியில் ஆறு உண்டாகும். புத்தாண்டு இரவுக்கென்றே எழுதி வைத்தது போல இருக்கிறது அல்லவா? நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் இதை அப்படித்தான் எடுத்துக்கொண்டன. பழைய கணக்கை மூடு, போனதை மற, கடன் தீரும், வரன் அமையும், வேலை கிடைக்கும். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நள்ளிரவில் கைக்குழந்தையோடு குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு அந்த அட்டை மூன்று மாதத்துக்கான பலம். என் அம்மாவுக்கு அப்படி இருந்திருக்கிறது.

அதே அட்டை இன்னொருத்தியின் கையைச் சுட்டது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வசனத்தில் குறையா, கொடுத்த விதத்தில் குறையா என்று தேடத் தொடங்கினேன். எபிரேயம் எனக்குத் தெரியாது; தெரிந்தவர்கள் எழுதிய விளக்க நூல்களை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க இந்த ஒரே வசனத்தோடு இருந்தேன்.

முதலில் இது யாருக்குச் சொன்னது என்று பார்க்க வேண்டும். கி.மு. 597இல் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, இளம் அரசன் யோயாக்கீனையும் கைவினைஞர்களையும் பிரபுக்களையும் நாடு கடத்தினான். பத்தாண்டுகள் கழித்து மறுபடி வந்தபோது மதிலை இடித்து, ஆலயத்தைக் கொளுத்தி, இன்னொரு கூட்டத்தையும் கொண்டுபோனான். கடைசி அரசன் சிதேக்கியா தன் பிள்ளைகள் கொல்லப்படுவதைப் பார்த்தான்; பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது அதுதான். ஏசாயா புத்தகத்தின் 40ஆம் அதிகாரத்திலிருந்து 55ஆம் அதிகாரம் வரை உள்ள பகுதி அந்த அடிமைத்தனத்தின் கடைசிக் காலத்தில், கி.மு. 540ஐ ஒட்டி, பெயர் தெரியாத ஒரு தீர்க்கதரிசி சொன்னது என்பது வேத அறிஞர்களில் பெரும்பாலோர் முடிவு. பாரசீகத்துக் கோரேசு எழும்பி வந்துகொண்டிருந்த நேரம். கி.மு. 539இல் பாபிலோன் அவன் கையில் விழுந்தது.

அப்படியானால் ஆலயம் எரிந்ததற்கும் இந்த வசனத்துக்கும் இடையில் நாற்பது வருஷத்துக்கும் மேல். இதைக் கணக்குப் போட்டபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அத்தனை வருஷம் கழித்துச் சொன்ன வார்த்தையை நாங்கள் ஐந்தாம் நாள் நீட்டியிருக்கிறோம்.

இடைப்பட்ட வருஷங்களில் கடவுள் பேசாமல் இருந்தாரா என்றால் இல்லை. ஆனால் பேசியது வேறு. புலம்பல் என்ற ஒரு முழுப் புத்தகமே அந்தக் காலத்தின் அழுகைக்கென்று வேதத்தில் இடம் பெற்றிருக்கிறது. அதன் நடுவில்தான் காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வரி வருகிறது. அதையும் அட்டையில் போடுகிறோம். அந்த வரிக்குப் பிறகும் புலம்பல் முடிவதில்லை, இன்னும் இரண்டு அதிகாரம் அழுகிறது என்பது அட்டையில் தெரியாது. எரேமியா நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். சீக்கிரம் திரும்பி விடுவீர்கள் என்று சொன்னவர்களை அவர் பொய்யர் என்றார்.

எசேக்கியேலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேபார் கால்வாய் ஓரத்தில் நாடு கடத்தப்பட்டவர்கள் குடியிருந்த இடத்தின் பெயர் தெலாபீப். பாபிலோனியரின் அக்காத் மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள் வெள்ளத்தின் மேடு. பழைய பிரளயம் ஒன்று விட்டுப்போனதாகக் கருதப்பட்ட பாழ்மேடு. அதே ஒலி எபிரேயர் காதில் பச்சைக் கதிரின் மேடு, வசந்தத்தின் மேடு என்று விழும். வெள்ளம் அழித்த மண்ணில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் மொழியில் அதற்குக் கதிர் என்று பொருள் வந்தது. ஆனால் எசேக்கியேல் அங்கே போனவுடன் இந்தப் பொருத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தானும் உட்கார்ந்தார். ஏழு நாள். திகைத்துப்போய், பேச்சில்லாமல். ஏழாம் நாள் முடிந்த பிறகுதான் அவருக்குக் கடவுளின் வார்த்தை வந்தது என்று அந்த மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. கடவுளே ஒரு வாரம் பொறுத்திருக்கிறார்.

இரண்டாவது, மறக்கச் சொன்னது எதை என்பது. நாம் அட்டையை 18இலோ 19இலோ வெட்டிவிடுகிறோம். அதற்கு முன்னால் இருக்கும் 16, 17ஆம் வசனங்களை வாசித்தால் அங்கே கடல் இருக்கிறது. கடலுக்குள் வழி திறந்தவர், ரதமும் குதிரையும் படையும் தண்ணீருக்குள் கிடந்து எழும்ப முடியாமல், திரி அணைவது போல் அணையச் செய்தவர் என்று தம்மையே அறிமுகப்படுத்திக்கொண்டு கடவுள் பேசத் தொடங்குகிறார். எகிப்திலிருந்து புறப்பட்ட அந்த இரவு, செங்கடல் பிளந்தது, அந்த மக்களின் மிகப் பெரிய விடுதலை. அதைச் சொல்லிவிட்டுத்தான், முந்தினதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறார்.

இங்கே மறக்கச் சொல்வது துக்கத்தை அல்ல. அவர்களுடைய மிகச் சிறந்த சாட்சியை. அன்றைக்குக் கடலைப் பிளந்தார், இன்றைக்கும் கடலைத்தான் பிளப்பார் என்று பாபிலோனின் சமவெளியில் நின்று கடலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அன்று தண்ணீருக்குள் காய்ந்த தரை கொடுத்தவர் இன்று காய்ந்த தரைக்குள் தண்ணீர் கொடுப்பார். மூன்றே அதிகாரம் தாண்டி 46இல் இதே தீர்க்கதரிசி, ஆதியில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள் என்று நேர்மாறாகச் சொல்கிறார். முரண்பாடு போலத் தெரியும். எனக்கு அப்படிப் படவில்லை. கடவுள் யார் என்று அறிய நினைவு வேண்டும். அவர் அடுத்து எந்த உருவில் வருவார் என்று தீர்மானிக்க அதே நினைவு தடையாகும். தன் இழப்பை நினைத்துக் கொண்டிருக்கும் ஒருத்தியிடம் இந்த வசனம் எதையும் மறக்கச் சொல்லவே இல்லை. நாம்தான் சொன்னோம்.

தமிழில் இன்னொரு வேதனையும் சேர்ந்துகொண்டது. கடவுள் செய்யப் போவதற்கு நம் மொழிபெயர்ப்பில் உள்ள சொல் 'காரியம்'. நல்ல சொல். வேதம் முழுக்க வருகிறது. ஆனால் ஊரில் ஒருவர் இறந்து போனால் "காரியம் என்றைக்கு?" என்றுதான் கேட்பார்கள். இறந்தவருக்குச் செய்யும் கடைசிக் கடமைக்கும் அதே பெயர். கடல் கொண்டுபோய்த் திருப்பித் தராதவர்களுக்கு எந்தக் காரியத்தை எங்கே செய்வது என்று கடலோர வீடுகள் தவித்துக்கொண்டிருந்த வாரத்தில் அந்தச் சொல் அந்த அக்காவின் கண்ணில் எப்படி விழுந்திருக்கும்?

மொழிபெயர்ப்பில் போன ஒரு விதையும் உண்டு. புதியது 'தோன்றும்' என்று நம் பழைய தமிழ் வேதம் சொல்கிறது. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு உழைத்து 1871இல் முழுமையாக வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பைத்தான் இன்றும் எங்கள் ஆலயத்தில் வாசிக்கிறோம். அதன் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு. அவாந்தரவெளி என்று ஒரு சொல்லை இந்த வசனத்தில் வைத்திருக்கிறார்களே, வாயில் சொல்லும்போதே நாக்கு வறளும். ஆனால் எபிரேயத்தில் 'தோன்றும்' என்ற இடத்தில் இருப்பது ட்சாமக் என்ற வினை. செடிகொடிகளுக்குரிய சொல் அது. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்து மரங்களைக் கடவுள் மண்ணிலிருந்து எழும்பப் பண்ணும்போது வருவதும் இதே வேர்ச்சொல்தான். தோன்றுவது மேடையில் திரை விலகினாலும் நடக்கும். முளைப்பது மண்ணுக்குள் நடக்கும்.

அதனால்தான் அந்தக் கேள்வி. இப்போதே முளைக்கிறது என்று சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரியவில்லையா என்று ஏன் கேட்க வேண்டும்? கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எங்கள் தேரியில் பனங்கொட்டை போட்டுப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மற்ற விதைகள் ஈரம் பட்டதும் மேலே ஒரு பச்சையை நீட்டிக் காட்டும். பனை அப்படியில்லை. கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் கீழே போகும். சிவப்பு மணலைத் துளைத்துக்கொண்டு போய், அங்கே கிழங்காகத் திரளும். மேலே ஒன்றுமே இருக்காது. வெறும் மண் மேடு, அதன் மேல் காய்ந்த கொட்டைகள். தெரியாதவர்கள் விதை செத்துப்போயிற்று என்பார்கள். சின்ன வயதில் நானும் தினமும் போய்ப் பார்ப்பேன். "இன்னும் வரலம்மா." அம்மா சொல்வாள், "வந்தாச்சு. தோண்டாத." பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கும்போதுதான் அது எவ்வளவு தூரம் போயிருந்தது என்று தெரியும். பிடுங்காமல் விட்டது மரமாகிப் பாளை தள்ளப் பல வருஷமாகும். போட்டவருடைய பிள்ளைகள் காலத்தில்தான் பதநீர். இந்த வசனத்தின் 'இப்போதே' அந்த வகை இப்போதே என்று நினைக்கிறேன். நள்ளிரவு பன்னிரண்டு மணியின் இப்போதே அல்ல.

புதியது என்பதற்கு எபிரேயத்தில் உள்ள வேரிலிருந்துதான் மாதம், பிறை என்ற சொல்லும் வருகிறது என்று படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. நமக்கும் திங்கள் என்றால் நிலவும் மாதமும். அமாவாசை கழித்துத் தெரிகிற பிறை வேறொரு நிலவு அல்லவே. தேய்ந்து மறைந்த அதுவேதான் திரும்ப வருகிறது. அதன் இருட்டுப் பக்கமும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

வழியும் ஆறும் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு யாரும் நேராக நடக்க மாட்டார்கள், நடுவில் பாலைவனம். ஐப்பிராத்து நதியோடு வடக்கே ஏறி, சீரியாவைச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். பிற்காலத்தில் எஸ்றா தன் கூட்டத்தோடு வந்தபோது நான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பாலைவனத்தின் குறுக்கேதான் வழி உண்டாகும் என்கிறது வசனம். 1947இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோல் சுருள், ஏழு மீட்டருக்கும் அதிக நீளம், கிறிஸ்துவுக்கு நூறாண்டுக்கும் முன்னால் எழுதியது. அதில் இந்த இடத்தில் ஆறுகள் என்பதற்குப் பதில் பாதைகள் என்றே இருக்கிறது. எது மூலம் என்பதை அறிஞர்கள் பேசட்டும். இரண்டிலும் மாறாத ஒன்று உண்டு: வனாந்தரம் வனாந்தரமாகவே இருக்கிறது. அதை அகற்றுவதாகக் கடவுள் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் நரிகளும் தீக்கோழிகளும் தண்ணீருக்காக அவரைக் கனப்படுத்துகின்றன. அவை அங்கேயே வாழ்கிற உயிர்கள், அவற்றுக்கும் அந்த ஆறு ஓடுகிறது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்கள் இப்படித்தான் உண்டாயின. முதலூர் என்று ஓர் ஊர். புதிதாக விசுவாசத்துக்கு வந்து, சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்காக 1799இல் தேரி மணலில் உண்டாக்கப்பட்டது. டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்நின்றார். முதல் ஊர் என்ற பெயரில் எத்தனை நம்பிக்கை! ஆனால் அந்த மணல் இன்றும் மணல்தான். காற்றடித்தால் இன்றும் கண்ணில் விழும்.

சரி, அந்த வசனம் நிறைவேறிற்றா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அட்டையைத் திருப்பி வைத்த ஒருத்திக்கு நாம் பதில் சொல்லக் கடன்பட்டிருக்கிறோம்.

கோரேசு வந்தான். போகலாம் என்று சொன்னான். போனவர்கள் கொஞ்சம் பேர். பாபிலோனைத் தோண்டிய ஜெர்மானியர் ராபர்ட் கோல்டவே கண்டெடுத்த களிமண் பலகைகள் சில, சிறைப்பட்ட அரசன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து பிள்ளைகளுக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு. 1939இல் அவற்றை வெளியிட்டார்கள். அடிமைத்தனத்திலும் அவனுக்கு யூதாவின் அரசன் என்றே பெயர் எழுதியிருக்கிறது. அதைவிட என்னைத் தொட்டவை 2014இல் நூலாக வந்த நூற்றுச் சொச்சம் பலகைகள். பாபிலோனியாவில் யூதர்கள் குடியிருந்த ஒரு கிராமத்தைப் பற்றியவை அவற்றில் உண்டு. அந்தக் கிராமத்தின் பெயரே அல் யாகூது. யூதாவூர் என்று தமிழில் சொல்லலாம். முதல் பலகை கி.மு. 572, எருசலேம் விழுந்து பதினைந்தே வருஷம். என்ன எழுதியிருக்கிறது? பார்லி பாக்கி, பேரீச்சம்பழக் குத்தகை, கடன் சீட்டு, கல்யாண ஒப்பந்தம். எரேமியாவின் கடிதத்தைக் கேட்டு நடந்தவர்கள் போல வாழ்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயர்களில் தங்கள் கடவுளின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோரேசின் அனுமதிக்குப் பிறகும் பலகைகள் அதே ஊரில் தொடர்கின்றன. போகாமல் இருந்தவர்களும் உண்டு. போக முடியாதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு இந்த வசனம் பொய்யாயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். பனங்கொட்டை எந்த மண்ணில் போட்டாலும் கீழேதான் போகிறது.

போனவர்களுக்கோ, வனாந்தரத்தில் ஆறு ஓடவில்லை. பாழடைந்த ஊர், பகைக்கிற அயலார். ஆகாய் தீர்க்கதரிசி கி.மு. 520இல் பேசும்போது மழையில்லை, விளைச்சலில்லை, கூலி வாங்கிப் போட்ட பை பொத்தலாகிவிட்டது. ஆலயம் முடிய கி.மு. 515 ஆயிற்று. அந்த ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளைப் பற்றித்தான் எஸ்றாவின் மூன்றாம் அதிகாரம்.

அம்மா அட்டையை வைத்திருந்த இடம்.

ஆசாரியர்கள் பூரிகை ஊதினார்கள், லேவியர் கைத்தாளம் தட்டினார்கள், ஜனங்கள் மகிழ்ச்சியில் ஆர்ப்பரித்தார்கள். ஐம்பது வருஷக் காத்திருப்புக்குப் பிறகு ஒரு கல் தரையில் இறங்குகிறது. இதைவிடப் புதிய தொடக்கம் அவர்கள் வாழ்க்கையில் வராது. ஆனால் பழைய ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த முதியவர்கள் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதார்கள். ஆர்ப்பரிப்பும் அழுகையும் கலந்து, எது எது என்று பிரித்தறிய முடியவில்லை. அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்டது. அதிகாரம் அங்கேயே முடிகிறது.

பல முறை வாசித்த பகுதிதான். இந்த முறைதான் கவனித்தேன்: அழுதவர்களை யாரும் அதட்டவில்லை. நன்றிகெட்டவர்கள் என்று ஒரு சொல் இல்லை. முந்தினதை நினைக்காதீர்கள் என்று அங்கே எவரும் ஏசாயாவை எடுத்துக் காட்டவில்லை. அத்தனைக்கும் அந்த வசனம் சொல்லப்பட்டு முப்பது வருஷம்கூட ஆகியிருக்காது. கேட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கக் கூடும். எழுதியவர் அழுகையையும் ஆர்ப்பரிப்பையும் ஒரே சத்தமாக எழுதினார். வசனம் நிறைவேறிய நாளின் சத்தம் அது. முதியவர்களின் அழுகையை நீக்கிவிட்டால் அங்கே முளைத்தது எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஏசாயா 43ஐயே 19க்கு மேல் தொடர்ந்து வாசித்தால் 22இலிருந்து மனவருத்தம். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, என்னிடம் சலித்துப் போனீர்கள் என்று கடவுள் குறைப்பட்டுக்கொள்கிறார். வாக்குத்தத்தம் கொடுத்த அதே மூச்சில். இரண்டு பக்கமும் காயப்பட்ட ஓர் உறவுக்குள்ளிருந்து பிறந்த வசனம் இது. அதை நீல ஏரிப் படத்துக்குக் கீழே தனியாக நிற்க வைத்தபோது அந்தக் காயம் போய்விட்டது. அதனால் காயப்பட்டவரோடு அதற்குப் பேச்சும் இல்லாமல் போயிற்று.

அம்மா இதையெல்லாம் யோசித்து அட்டையை அங்கே வைத்தாளா? எனக்குத் தெரிந்து அவள் விளக்க நூல் எதையும் வாசித்ததில்லை. எட்டாம் வகுப்பு. ஆனால் தினமும் காலையில் மூன்று அதிகாரம் வரிசையாக வாசிப்பாள்; வம்சவரலாறுகளைக்கூடத் தாண்ட மாட்டாள். ஒவ்வொரு முறையும் எஸ்றாவைக் கடந்துதான் போயிருக்கிறாள். எப்போதோ ஒரு காலையில் அந்த முதியவர்களின் அழுகையில் அவள் நின்றிருக்க வேண்டும், எழுந்துபோய் ஏசாயாவிலிருந்து அட்டையை எடுத்து வந்து இங்கே வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் ஏசாயா 43இல் அந்த அட்டையின் அச்சு இருக்கிறது. எத்தனையோ வருஷம் அங்கே அழுந்திக் கிடந்ததால் பக்கத்தில் செவ்வகமாக ஒரு பழுப்பு.

அந்த அக்கா இப்போது எங்கள் ஊரிலேயே இருக்கிறார். பனை ஓலையில் பெட்டியும் கடகமும் முடைகிறார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறார், கடைசி வரிசை. டிசம்பர் 31 இரவும் வருகிறார். தட்டு வரும்போது அவர் எடுப்பதில்லை; அதை வாங்கி அடுத்தவருக்கு நகர்த்துவார். இத்தனை வருஷமும் அந்த அடுத்தவர் அம்மாதான். அவருக்கு என்று தனியாக ஒன்றை அம்மா எடுத்ததில்லை, எடுக்கச் சொன்னதும் இல்லை. ஆராதனை முடிந்து இரண்டு பேரும் இருட்டில் பேசாமல் நடந்து வருவார்களாம்.

போன டிசம்பரில் நான் ஊருக்குப் போயிருந்தேன். பதினொன்றரைக்கு ஆராதனை தொடங்கியது. அம்மாவின் இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன். அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். மணி அடித்தது. ஐயர் ஜெபித்து முடித்தார். வெளியே பிள்ளைகள் வெடி போடுகிற சத்தம். முன்வரிசையிலிருந்து தட்டு வந்துகொண்டிருந்தது. அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, மடியில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஒங்க அம்ம எடுக்கிறதுக்கு முன்ன கண்ண மூடிக்கிடுவாவ," என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.